வீட்டில் 206 பக்கம், அச்சகத்தில் 211 பக்கம்: வேர்டில் பத்தியையும் பக்கத்தையும் அமைப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா எழுதிய ஊர் வரலாற்றை நீங்கள் வேர்டில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். வீட்டில் 206 பக்கம் வந்தது. அதை நம்பி அச்சகத்தில் 13 பாரம் (பாரம் என்பது 16 பக்கம்) என்று விலை பேசிவிட்டீர்கள். அச்சகத்துக் கணினியில் திறந்தால் 211 பக்கம். அத்தியாயத் தலைப்புகள் பக்கத்தின் நடுவில் நிற்கின்றன, சில தலைப்புகள் பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்குகின்றன, பக்க எண் முன்னுரையிலிருந்தே 1 என்று ஓடுகிறது. ஏன் இப்படி, எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, முதல் வேலையாக மறைகுறிகளைக் காட்டச் சொன்னேன். நீங்களும் அதைச் செய்து பாருங்கள். வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வேர்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கண்ட்ரோலும் எஃப்10-உம். எண்டர் தட்டிய இடமெல்லாம் ¶ என்ற குறி வரும், ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் நடுவில் ஒரு புள்ளி வரும். உங்கள் அத்தியாயத்தின் கடைசி வரிக்குக் கீழே 19 ¶ குறிகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்த அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக எண்டரைத் தட்டித் தட்டித் தள்ளியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் ஐந்து ஸ்பேஸ், சில இடத்தில் ஆறு. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு காலி ¶.

இதுதான் கோளாறு. அந்த 19 எண்டர்களும் உங்கள் கணினியில், உங்கள் எழுத்துருவில், அந்த ஒரு நாளின் வரிக்கணக்குக்கு மட்டும் பொருந்தியவை. மேலே எங்காவது இரண்டு வரி கூடினாலே தலைப்பு இரண்டு வரி கீழே இறங்கிவிடும். அச்சகத்தில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. வேர்ட் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வைத்திருக்கும் வரி உயரம் வேறு, எழுத்தின் அகலமும் வேறு. லதா என்ற எழுத்துருவில் ஒரு பக்கத்துக்கு வரும் வரிகளும் நிர்மலா என்ற எழுத்துருவில் வரும் வரிகளும் ஒன்றல்ல. அதனால் எல்லாமே நகர்ந்துவிட்டது. அச்சகத்தார் மேல் தவறில்லை.

காலி இடத்தைச் சாவிகளால் உண்டாக்கக் கூடாது. பத்திக்கு மேலே எவ்வளவு இடம், கீழே எவ்வளவு, முதல் வரி எவ்வளவு உள்ளே, இந்தப் பத்தி புதுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டுமா, இதெல்லாம் அந்தப் பத்தியின் குணங்கள். அதை ஒரே இடத்தில் சொல்லிவைத்துவிட்டால் எந்தக் கணினிக்குப் போனாலும் பத்தி அதன்படி நடந்துகொள்ளும். அந்தக் குணங்களின் தொகுப்புக்குத்தான் ஸ்டைல் என்று பெயர். வேர்டில் ஒரு பத்தியின் குணமெல்லாம் அதன் கடைசியில் நிற்கும் ¶ குறியில்தான் இருக்கிறது. அந்தக் குறியைத் தவறுதலாக அழித்தால் பத்தி அடுத்த பத்தியோடு ஒட்டிக்கொண்டு திடீரென்று வேறு தோற்றத்துக்கு மாறுவது அதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கோப்பை முதலில் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்: தாள் அளவை ஆரம்பத்திலேயே டெமிக்கு, அதாவது 14-க்கு 21.5 செ.மீ. என்று மாற்றியிருக்கிறீர்கள். பலர் ஏ4-இலேயே முழுப் புத்தகத்தையும் அடித்துவிட்டு, அச்சில் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஏ4-இன் அகலம் 21 செ.மீ. அதை 14-க்குச் சுருக்கினால் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். 12 பாயிண்டில் அடித்த எழுத்து 8 பாயிண்டாக அச்சாகும். பெரியப்பா வயதில் இருக்கும் ஊர்க்காரர் யாரும் அதைப் படிக்க முடியாது. ஓரங்களும் இப்போதே முடிவாகட்டும். பேஜ் செட்டப்பில் மிரர் மார்ஜின்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் இடது, வலது என்பது போய் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மாறும். 200 பக்கத்துக்கு மேல் ஒட்டி பைண்டிங் செய்யும் புத்தகத்துக்கு உள்ளே 2 செ.மீ., வெளியே 1.5 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. வைக்கலாம். உள் ஓரம் குறைந்தால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு அத்தியாயங்கள் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன என்று சொன்னீர்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள். பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. வேர்ட் அதை ஆங்கிலம் என்றே நினைத்து வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும், திரையில் வேறொரு தமிழ் எழுத்து வந்து நிற்கும். மாற்றிய பிறகு மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படித்துவிடுங்கள்.

அடுத்தது குப்பை அகற்றுவது. ஆனால் அதற்கு முன் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அத்தியாயத் தலைப்புகள், பாடல் வரிகள். தலைப்பு ஒவ்வொன்றின் மேலும் கர்சரை வைத்து ஹெடிங் 1 என்ற ஸ்டைலைக் கொடுங்கள். அத்தியாயத்துக்குள் வரும் சிறு தலைப்புகளுக்கு ஹெடிங் 2. பாடல்களை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன், இப்போதைக்கு அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்து வைத்தால் போதும். அப்புறம் ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, மோர் என்பதை அழுத்தி, ஸ்பெஷல் பட்டியலிலிருந்து பாராகிராஃப் மார்க்கை இரண்டு முறை தேடும் பெட்டியிலும் ஒரு முறை மாற்றும் பெட்டியிலும் போடுங்கள். எல்லாவற்றையும் மாற்று என்று கொடுத்தால் இரட்டை ¶ ஒற்றையாகும். 19 எண்டர் இருக்கும் இடத்தில் ஒரே தடவையில் தீராது. மாற்ற எதுவும் இல்லை என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள். அதேபோல இரண்டு ஸ்பேஸைத் தேடி ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியில் பத்தித் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஸ்பேஸுக்கு, பாராகிராஃப் மார்க்கும் ஒரு ஸ்பேஸும் சேர்த்துத் தேடி வெறும் பாராகிராஃப் மார்க்காக மாற்றினால் போதும். ரைட்டரில் இந்த வேலை இன்னும் எளிது. ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு ^$ என்று தேடி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டால் எல்லாக் காலிப் பத்திகளும் ஒரே அழுத்தில் போய்விடும்.

இப்போது உங்கள் கோப்பு இடைவெளியே இல்லாத ஒரு நெரிசலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் தெரிய வேண்டும்.

உடல் உரைக்கென்று புதிதாக ஒரு ஸ்டைல் உண்டாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் எப்போதும் ‘உரை’ என்று வைப்பேன். நார்மல் ஸ்டைலை நேரடியாக மாற்றுவது எனக்குப் பிடிக்காது. மற்ற ஸ்டைல்கள் பெரும்பாலும் அதை அடிப்படையாகக் கொண்டவை, ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும். ஸ்டைல் பெட்டியில் ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு பத்தியில் நீங்கள் கையால் செய்யும் சிறு மாற்றம்கூடப் புத்தகம் முழுவதும் பரவிவிடும்.

இந்த ஸ்டைலில் எழுத்துருவைக் குறிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபான்ட் பெட்டியில் ஆங்கில எழுத்துக்கு ஒரு இடமும் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னொரு இடமும் இருக்கும். தமிழ் இரண்டாவதில் அடங்கும். எழுத்துருவின் பெயர், அளவு எல்லாம் இரண்டுக்கும் தனித்தனி. மேலே 12 என்று மாற்றிவிட்டுக் கீழே பார்க்காமல் விட்டால் ஆங்கிலச் சொற்கள் 12-லும் தமிழ் 11-லும் இருக்கும். அளவை மாற்றினாலும் மாறவில்லையே என்று பலர் திண்டாடுவது இங்கேதான். அந்தப் பெட்டியே காணவில்லை என்றால், ஆபிஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். ரைட்டரில் ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்க வேண்டும்.

வரி இடைவெளி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்ப் புத்தகத்தின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது. ஈய எழுத்து காலத்தில் அச்சுக்கோர்ப்பவர் ஒரு வரி கோத்து முடித்ததும் அதன் மேல் மெல்லிய ஈயத் தகடு ஒன்றை வைத்துத்தான் அடுத்த வரியைத் தொடங்குவார். வரிக்கு நடுவில் காற்று வருவது அந்தத் தகட்டால். இன்று லைன் ஸ்பேஸிங் பெட்டி அதே வேலையைச் செய்கிறது. சிங்கிள், 1.15, 1.5 என்று விகிதமாகக் கொடுத்தால் அது எழுத்துருவின் உள் உயரத்தைப் பெருக்கும். அதனால் எழுத்துரு மாறினால் வரி உயரமும் மாறும். இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு வரியில் மட்டும் ஒரு ஆங்கிலச் சொல் வேறு எழுத்துருவில் வந்தால் அந்த வரி மட்டும் சற்று உயர்ந்துவிடும். உங்கள் கோப்பில் செட்டில்மென்ட் ஆவண எண்களை ஆங்கிலத்தில் கொடுத்திருக்கும் பத்திகளில் இது நன்றாகத் தெரிகிறது.

புத்தகத்துக்கு எக்ஸாக்ட்லி என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாயிண்டில் கொடுப்பதுதான் சரி. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஆனால் ஆங்கிலப் புத்தகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு 11 பாயிண்ட் எழுத்துக்கு 13 என்று வைத்துவிடாதீர்கள். ஆங்கில எழுத்து மேலும் கீழும் அவ்வளவு நீளாது. தமிழில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘மூ’வும் ‘கூ’வும் கீழே இறங்கும். இடம் போதாவிட்டால் வேர்ட் அவற்றை வெட்டிவிடும். ‘தீ’, ‘தி’யாகத் தெரிந்தால் பொருளே மாறிவிடுமே. 11 பாயிண்டுக்கு 16 அல்லது 17 வையுங்கள். ‘கூழ்’, ‘கீழ்’, ‘பூமி’, ‘ஸ்ரீ’ நான்கையும் அடுத்தடுத்த வரிகளில் அடித்து, அச்செடுத்துப் பாருங்கள். ஒன்றும் வெட்டுப்படவில்லை என்றால் சரி. எக்ஸாக்ட்லி வைப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை: தாளின் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன் மேல் ஒன்று விழும். மெல்லிய மேப்லித்தோ தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிவது கண்ணை உறுத்தாது.

பத்திகளைப் பிரித்துக் காட்ட இரண்டு வழி உண்டு. முதல் வரியை உள்ளே தள்ளலாம், அல்லது பத்திக்குக் கீழே இடம் விடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். அலுவலகக் கடிதம், அறிக்கை என்றால் இடம் விடுவது. கதை போல ஓடும் புத்தகம் என்றால் உள்ளே தள்ளுவது. உங்களுக்கு உள்ளே தள்ளுவதுதான். இன்டென்டேஷன் பகுதியில் ஸ்பெஷல் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் லைன் என்று தேர்ந்து 0.6 செ.மீ. கொடுங்கள், பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் பூஜ்யம். புதிய வேர்டில் ஒன்றும் செய்யாமலே பத்திக்குக் கீழே 8 பாயிண்ட் இடம் விட்டிருக்கும். அதுவும் உங்கள் காலி ¶-உம் சேர்ந்துதான் சில இடங்களில் அவ்வளவு பெரிய வெளி வந்திருக்கிறது.

இருபக்க ஓரமும் நேராக நிற்க ஜஸ்டிஃபை கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுகிறது. தமிழ்ச் சொல் நீளமானது. உங்கள் பக்கத்தில் உரையின் அகலம் 10.5 செ.மீ., ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் பிடிக்கும். ‘குடியேறியிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரு சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவினால், மிச்சமிருக்கும் மூன்று சொற்கள்தான் முழு வரியையும் நிரப்ப வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பாருங்கள், சொல்லைக் கோடு போடாமலே வரி முனையில் பிரித்திருப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். இன்சர்ட், சிம்பல், ஸ்பெஷல் கேரக்டர்ஸ் போனால் நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக் என்று ஒன்று இருக்கும். ரைட்டரில் இன்சர்ட் பட்டியலில் ஃபார்மேட்டிங் மார்க் என்பதற்குள் இருக்கிறது. சொல்லின் நடுவில் அதைப் போட்டால் தேவைப்பட்டால் மட்டும் அங்கே சொல் உடையும். பின்னால் வரி நகர்ந்து சொல் நடுவுக்கு வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. கையால் சிறுகோடு போட்டால் அது வரி நடுவில் அசிங்கமாக நிற்கும். ‘குடியேறி|யிருந்தவர்|களுக்கெல்லாம்’ என்று பொருள் பிரியும் இடத்தில் போடுங்கள். அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இதை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு, கண்ணை உறுத்தும் வரிகளுக்கு மட்டும் செய்தால் போதும். குறி போட்ட சொல் தேடலில் சிக்காமல் போகலாம், அதனால் முன்கூட்டிச் செய்வது நல்லதல்ல.

பாடல்களுக்கு வருகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் உங்கள் ஊர்த் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புத்தகத்திலேயே விலைமதிப்பில்லாத பகுதி அதுதான் என்று நினைக்கிறேன், அது அலங்கோலமாக அச்சாகக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எண்டர் தட்டினால் ஒவ்வொரு வரியும் ஒரு பத்தியாகி முதல் வரித் தள்ளல் எல்லாவற்றிலும் வரும். ஷிஃப்ட்டும் எண்டரும் சேர்த்துத் தட்டினால் பத்தி உடையாமல் வரி மட்டும் உடையும். ஆனால் ஜஸ்டிஃபை இருந்தால், மூன்று சொல் கொண்ட வரியை வேர்ட் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்துவிடும். அதனால் ‘பாடல்’ என்று தனி ஸ்டைல் வையுங்கள்: இடப்பக்கம் நேராக, முதல் வரித் தள்ளல் இல்லாமல், இடது ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, எழுத்து அரை பாயிண்ட் சிறியதாக. மேலும் கீழும் அரை வரி இடம், அதாவது 17 பாயிண்ட் வரி என்றால் 8.5 பாயிண்ட். இரண்டும் சேர்ந்து ஒரு முழு வரியாகும், பாடலுக்குப் பிறகு வரும் உரை மறுபடி வரிக்கணக்கில் வந்து நின்றுகொள்ளும். கண்ணிக்கு ஒரு பத்தி, கண்ணிக்குள் ஷிஃப்ட் எண்டர். பாராகிராஃப் பெட்டியின் இரண்டாவது பக்கத்தில் கீப் லைன்ஸ் டுகெதர் என்பதை டிக் செய்தால் ஒரு கண்ணி இரண்டு பக்கத்தில் உடையாது.

அதே பக்கத்தில்தான் தலைப்புக்கான மருந்தும் இருக்கிறது. ஹெடிங் 1 ஸ்டைலில் பேஜ் பிரேக் பிஃபோர் என்பதை டிக் செய்யுங்கள். 19 எண்டர் செய்த வேலையை இந்த ஒரு டிக் செய்துவிடும், அதுவும் எல்லா அத்தியாயத்துக்கும். ஹெடிங் 2-க்கு கீப் வித் நெக்ஸ்ட். தலைப்பு அடுத்த பத்தியை விட்டுப் பிரியாது, பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்காது. உரைக்கு விடோ/ஆர்ஃபன் கண்ட்ரோல். பத்தியின் ஒரே ஒரு வரி மட்டும் பக்கத்தின் அடியிலோ அடுத்த பக்கத்தின் தலையிலோ மாட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். தலைப்புகள் ஸ்டைலில் இருந்தால் பொருளடக்கத்தையும் வேர்டே தயாரிக்கும். கடைசியில் அதன் மேல் எஃப்9 அழுத்தினால் பக்க எண்கள் புதுப்பிக்கப்படும்.

பக்க எண்ணுக்கு முன்னுரையையும் நூலையும் இரண்டு செக்ஷனாகப் பிரிக்க வேண்டும். முன்னுரை முடிந்த இடத்தில் லேஅவுட், பிரேக்ஸ் போய் செக்ஷன் பிரேக்ஸில் ஒற்றைப்படைப் பக்கத்துக்கானதைத் தேர்ந்தெடுங்கள், முதல் அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்கும். செக்ஷன் பிரேக்கே அந்தத் தலைப்பைப் புதுப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும், ஆகவே முதல் அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் பேஜ் பிரேக் பிஃபோரை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டாம் செக்ஷனின் ஃபுட்டரை, அதாவது பக்க எண் நிற்கும் அடிப்பகுதியை, இருமுறை கிளிக் செய்து, லிங்க் டு பிரீவியஸ் என்பதை அணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு முன்னுரையின் எண்ணை அழித்தால் நூலின் எண்ணும் சேர்ந்து அழியும். ஒற்றை, இரட்டைப் பக்கங்களுக்கு வேறு வேறு ஃபுட்டர் வைத்திருந்தால் இரண்டிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். அதன்பின் பக்க எண் அமைப்பில் 1-இலிருந்து தொடங்கு என்று கொடுத்தால் முடிந்தது.

ரைட்டரில் செய்வதாக இருந்தால் வழி வேறு. அங்கே பக்கத்துக்கே ஸ்டைல் உண்டு. முன்னுரைக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று என்று இரண்டு பேஜ் ஸ்டைல் உண்டாக்கி, மேனுவல் பிரேக் கொடுக்கும்போது எந்த ஸ்டைல், எந்த எண் என்று அதே பெட்டியில் சொல்லிவிடலாம். எனக்கு இந்த முறைதான் தெளிவாகப் படுகிறது. ஒன்று மட்டும்: ரைட்டரில் ஃபுட்டர் ஓரத்துக்குள் அடங்காது, உரையின் இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபுட்டர் போட்டால் கீழ் ஓரத்தை அந்த அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்கு வேர்ட் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் கொடுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், எங்கே திறந்தாலும் ஒன்றாகவே தெரியும். வேர்ட் கோப்புதான் வேண்டும் என்று கேட்டால் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் எம்பெட் ஃபான்ட்ஸ் என்பதை டிக் செய்துவிட்டுச் சேமியுங்கள்.

இனி உங்கள் 13 பாரம். பாரத்துக்கு 16 பக்கம், மொத்தம் 208. இதையெல்லாம் செய்த பிறகும் 211 வந்தால் என்ன செய்வது? எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம், ஓரத்தையும் தொட வேண்டாம். 21.5 செ.மீ. உயரத்தில் மேலும் கீழும் 2 போனால் 17.5 செ.மீ., அதாவது 496 பாயிண்ட். 17 பாயிண்ட் வரியில் பக்கத்துக்கு 29 வரி பிடிக்கும். ‘உரை’ ஸ்டைலில் அந்த ஓர் எண்ணை மட்டும் 16.5 ஆக்குங்கள். 30 வரி பிடிக்கும். பாடலின் மேல் கீழ் இடத்தையும் 8.25 ஆக்கிவிடுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி என்றால் 211 பக்கத்துக்கு 211 வரி, அதாவது ஏறக்குறைய ஏழு பக்கம். 204-க்கு அருகில் வந்து நிற்கும். மிச்சமிருக்கும் நான்கு பக்கத்தில் பெரியப்பாவின் பழைய புகைப்படங்கள் இரண்டைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.